கன்னத்தில் வைத்த கொழுப்பு நிலைக்குமா?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போன என் அக்கா மகள், கையில் ஒரு துண்டு விளம்பரத்தோடு திரும்பி வந்தாள். வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் செலுத்துவார்களாம். சொந்தக் கொழுப்பு என்பதால் நூறு விழுக்காடு அப்படியே நிலைக்குமாம். “மாமா, இது உண்மையா?” என்றாள். படிவம் நான்கில் உயிரியல் படிக்கிறவள். பதில் அவள் பாடநூலிலேயே இருக்கிறது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், மாணவர்களே.

சொந்தக் கொழுப்பை நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளென்று தாக்காது. விளம்பரத்தின் அந்தப் பகுதி சரி. ஆனால், ஓர் உயிரணு பிழைக்க உயிர்வளி வேண்டும். உயிர்வளியைக் கொண்டுவர இரத்தம் வேண்டும். வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்தவுடனேயே கொழுப்பின் இரத்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. முகத்திலிருந்து புதிய நுண் இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து வரச் சில நாள்கள் ஆகும். அதுவரை?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல. குழாய் வற்றியதும் தண்ணீர் லாரி தெருமுனையில் வந்து நிற்கும். முனை வீட்டுக்காரர் வாளி வாளியாகப் பிடித்துக்கொள்வார். நடுவில் இருப்பவருக்கு அரை வாளி கிடைக்கும். கடைசி வீட்டுக்கு வருவதற்குள் லாரி காலி. செலுத்திய கொழுப்பிலும் இதே கதைதான். சுற்றியுள்ள சதையிலிருந்து உயிர்வளி பரவல் முறையில் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. பள்ளியில் ‘ரெசாப்பான்’ என்று படிக்கிறீர்களே, அதேதான்.

ஜப்பானிய மருத்துவர் யோஷிமுராவின் குழு இதை அடுக்கு அடுக்காகக் காட்டியது. வெளி ஓரத்தில், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கொழுப்பு உயிரணுக்கள் மட்டுமே பிழைக்கின்றன. அடுத்த அடுக்கில் அவை மடிந்தாலும், பட்டினியைத் தாங்கக்கூடிய குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், உயிரோடிருந்து புதிய கொழுப்பை உருவாக்குகின்றன. அதற்கும் உள்ளே எல்லாமே மடிகின்றன. மடிந்ததை உடல் உறிஞ்சிக்கொள்ளும். இல்லையேல் அது எண்ணெய்க் கட்டியாக அங்கேயே தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரக் கொழுப்பு. தப்பிக்கும் ஓரத்தைத் தோராயமாக 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 8 மி.மீ. கனசதுரம், அதாவது 1,000இல் 512 பங்கு பட்டினி. பாதிக்கு மேல் போயிற்று! அதையே 2 மி.மீ. துண்டுகளாக 125 ஆக்கித் தனித்தனியே வைத்தால், எந்தப் புள்ளியும் ஓரத்திலிருந்து 1 மி.மீ.க்கு அப்பால் இல்லை. மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மி.மீ.யிலிருந்து 3,000 ஆகிறது. அப்படியானால் அரைத்துக் கூழாக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அரைத்தால் உயிரணுச் சவ்வு கிழிந்து எண்ணெய்தான் மிஞ்சும். ஒரே இடத்தில் நிறைய அடைத்தாலோ, அழுத்தம் கூடி அங்கிருக்கும் இரத்தக் குழாய்களே நசுங்கும்.

இது பழைய பாடம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் நாய்பர் 1893லேயே கைக் கொழுப்பை எடுத்து முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பினார். பெரிய துண்டுகளைவிடச் சிறியவையே நன்றாக நிற்கின்றன என்று அப்போதே கண்டுகொண்டார். அமெரிக்காவில் லிண்டன் பீர் 1950இல் எடை போட்டுப் பார்த்தபோது, ஓராண்டில் ஏறக்குறைய பாதி கரைந்திருந்தது. 1990களில் சிட்னி கோல்மன், மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயால் கொழுப்பைத் துளித்துளியாகப் பல தடங்களில் வைக்கும் முறையைப் பரப்பினார். இன்றும் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. 20 விழுக்காடு நின்றது என்பாரும் உண்டு, 80 என்பாரும் உண்டு.

குருத்தணுக்களைக் கூடுதலாகச் சேர்த்தால் என்ன? 2013இல் டென்மார்க் ஆய்வொன்று ‘லான்செட்’ இதழில் வந்தது. 10 பேரின் மேற்கைகளில் கொழுப்பைச் செலுத்தினார்கள். ஆய்வகத்தில் பெருக்கிய குருத்தணுக்களைச் சேர்த்த பக்கம் நான்கு மாதத்தில் 80.9 விழுக்காடு நின்றது; சேர்க்காத பக்கம் 16.3தான். கேட்கவே இனிக்கிறது. ஆனால் 30 மில்லிலிட்டரை ஒரே கட்டியாக வைத்தார்கள். நம் கனசதுரக் கணக்குப்படி, சேர்க்காத பக்கம் தோற்பதற்கென்றே வைத்தது போல ஆகிவிட்டது! மெல்லிய துளிகளாக வைத்த முகத்தோடு ஒப்பிட்டிருந்தால் இடைவெளி இவ்வளவு இருந்திருக்குமா என்பது என் சந்தேகம். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ‘ஸ்டெம் செல்’ என்று விற்பவர்கள் இந்த விவரத்தைச் சொல்வதில்லை.

இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்கிறேனா? நிச்சயமாக இல்லை. தீக்காயத் தழும்போடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பாரி–ராம்பெர்க் என்றொரு நோய், பெரும்பாலும் சிறுவயதிலோ உங்கள் வயதிலோ தொடங்கி, முகத்தின் ஒரு பாதியை மட்டும் வற்றச் செய்கிறது. ஒவ்வொரு முறை கரையும்போதும் இவர்கள் மறுபடி அறுவை மேசையில் படுக்க வேண்டும். நிற்கும் கொழுப்பு கூடக் கூட, இவர்களின் அறுவைகள் குறையும். ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். இன்னும் வளர்ந்து முடியாத பதினாறு வயதுக் கன்னத்துக்கு இதில் வேலையில்லை.

ஆபத்தும் சிறிதல்ல. ஊசி தவறி முகத்துத் தமனிக்குள் கொழுப்பு புகுந்தால் பார்வையே போகலாம். 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராசில், ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன 23 வயதுப் பெண் உயிரிழந்தார். அழகு நிலையங்கள் இதைச் செய்ய இந்நாட்டில் அனுமதியே கிடையாது. இன்னொன்று, சிகரெட்டிலும் வேப்பிலும் உள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகைக்கிறவர் உடலில் எந்த ஒட்டும் சிரமப்படும் என்று அறுவை மருத்துவர்கள் எச்சரிப்பது அதனால்தான்.

இவ்வளவும் கேட்ட பிறகு அக்கா மகள் அந்தத் துண்டு விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்கள். இரண்டாவதன் அடியில் பொடி எழுத்தில் ‘இரண்டு வாரங்களுக்குப் பிறகு’ என்றிருந்தது. அந்த நேரத்தில் வீக்கமே முழுதாக வடிந்திருக்காது. எவ்வளவு நின்றது என்று தெரியக் குறைந்தது மூன்று மாதமாவது ஆகும். “மூணு மாசப் படம் எங்க, மாமா?” என்று கேட்டாள்.