74 கணவாய்கள்

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு விநாடி வினா. நாவல்: 'பொன்னியின் செல்வன்'. வீரநாராயண ஏரிக்கு எத்தனை கணவாய்? '74' என்று கத்திய சிறுமிக்குப் பேனா. வந்தியத்தேவன் குதிரைமேல் எண்ணிக்கொண்டு போனதை இவளும் எண்ணிவிட்டாள், வாசித்தது நிரூபணம்.

அடுத்து, ஈழத்தில் இடிந்த விஹாரங்களைப் புதுப்பிக்கச் சொன்ன இளவரசன் யார்? பதில், கைதட்டல். அந்த இளவரசன் ராஜராஜனான பிறகு அவன் படைதானே அனுராதபுரத்தைப் பாழாக்கியது? ஈழத்துக் கிராமங்களின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனதே? 1017இல் அவன் மகனின் படை பிடித்துவந்த மஹிந்தன் சோழ நாட்டிலேயே செத்தான். இதைக் கேட்க எந்த நடுவருக்கும் நா எழவில்லை.

1950களின் தொடர்கதையைக் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. (ஏற்றலாம், இங்கே இடமில்லை.) ஆத்திரம் கேள்வி தயாரித்தவர்கள் மேல். கதைக்கும் கல்வெட்டுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தைப் பிள்ளை பார்த்தாளா என்று சோதிக்க இவர்களுக்குப் பயம். வேளம் என்றால் என்ன? கேளுங்களேன். சோழர் கல்வெட்டுச் சொல்தான். அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு. போரில் கவர்ந்துவந்த பெண்களையும் அங்கேதான் தள்ளினார்கள். 1201இல் திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்காத வெள்ளாளன் ஒருவன் தன் இரு பெண்களோடு 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையானான். அதுவும் கல்வெட்டுதான். வினாத்தாளில் நந்தினிக்கு மட்டும் ஆறு கேள்வி!

கடைசியில் பேனா வாங்கிய சிறுமியே எழுந்தாள்: "ஈழத்திலேருந்து பொம்பளைங்களையும் புடிச்சிட்டு வந்தாங்களா சார்?"

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சும்மா, உட்காரு."