டேலி பூட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று கோவையில் ஜாப் ஒர்க் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில்தான் என் வாடிக்கையாளர்கள் அதிகம். ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இந்தத் தேதிகள் நெருங்கும்போது வரும் போன்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுவகை சேர்ந்திருக்கிறது.

"ஏனுங்க மேடம், டேலி தொறக்கவே மாட்டீங்குதுங்க. பைலுக்கெல்லாம் பேரு மாறிப்போச்சுங்க."

பம்பு கம்பெனிகளுக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கும் பட்டறை. நான்கு லேத், ஒரு சிஎன்சி, கண்ணாடித் தடுப்புக்குள் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பைலின் வாலிலும் அர்த்தமில்லாத எழுத்துகள். திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: பிட்காயினில் பணம் அனுப்பினால் திறந்து தருவார்களாம். பேக்கப் வைத்திருந்த பென் டிரைவும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடி இருந்ததால் அதுவும் போயிற்று. கணக்கு எழுதும் பெண் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு 123. உள்ளே நுழைய அது போதும்.

முதலாளி கேட்டது ஒன்றுதான்: "இப்ப யாருக்குங்க போன் பண்றது?"

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் அது நல்ல உதவி. உடனே சொன்னால் நம் நாட்டு வங்கிகளுக்குள் பணத்தை முடக்கிவைக்க வழியுண்டு. இங்கே போனது பணமல்ல, கணக்கு. இதற்கான மத்திய அமைப்பு செர்ட்-இன். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று அது 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. சிறு தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அப்படி ஒரு உத்தரவு இருப்பதை நான் சொல்லித்தான் அந்த முதலாளி கேள்விப்பட்டார். 2025 செப்டம்பரில் அதே அமைப்பு சிறு தொழில்களுக்கென 15 அடிப்படைப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. நல்ல விதிகள்தான், ஆண்டுக்கொரு தணிக்கையும் சேர்த்து. காலையில் காஸ்டிங் இறக்கி, மதியம் வங்கிக்கு ஓடி, இரவில் டெலிவரி சலான் எழுதும் ஒருவர் இவற்றை எப்போது செய்வார்? தணிக்கைக்கு யார் பணம் கொடுப்பது?

நாங்கள் இ-வே பில்களையும், முந்தைய மாதங்களில் தாக்கல் செய்த விவரங்களையும் போர்ட்டலிலிருந்து இறக்கி, சலான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கணக்கை மறுபடி ஏற்றினோம். அதற்குள் தாக்கல் தேதி தாண்டிவிட்டது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி. ஜிஎஸ்டி போர்ட்டல் மக்கர் செய்தால் தேதியைத் தள்ளிவைக்கிறார்கள். பட்டறையின் கம்ப்யூட்டரை எவனோ பூட்டினால் மட்டும் இரக்கமில்லை. செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுத்த ரசீதைக் காட்டினால் ஒரு மாத அவகாசம் என்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுக்கலாம். அரசுக்குப் பெரிய செலவு கிடையாது.

திருப்பூரில் தாக்குதல் வேறு மாதிரி. ஏற்றுமதியாளரின் மெயிலைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பவன், பில் அனுப்பும் சமயம் பார்த்து, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுகிறான். பணம் வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறது. பையர் கட்டிவிட்டேன் என்கிறார், நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் தவணை காத்திருக்கிறது.

தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யும் பழக்கம் இந்த மண்ணில் உண்டு. ஜவுளி மில்களுக்கு 1956-இல் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் வந்தது. பம்புகளைச் சோதிக்க சிடார்க் மையம் வந்தது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அரசு தந்த வட்டியில்லாக் கடனும்தான் தொழிலை மீட்டன. எந்தச் சாயப்பட்டறைக்காரரிடமும் விதிப் புத்தகத்தைக் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டருக்கும் அதே போன்ற பொது மையம் வேண்டும். கோவை, திருப்பூர், கரூர், ஈரோடு என ஊருக்கொன்று. தமிழில் பேசும் ஆள், அழைத்தால் பட்டறைக்கே வரும் டெக்னீஷியன், மாதம் ஒருமுறை பேக்கப் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சேவை. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் பாதுகாப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடைக்காது. தணிக்கைச் செலவுக்கும் முன்மாதிரி இருக்கிறது: ஜெட் தரச் சான்றிதழுக்குக் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மத்திய அரசு தருகிறது. அதே விகிதத்தை இதற்கும் நீட்டுங்கள். சிங்கப்பூர், சிறு நிறுவனங்கள் பாதுகாப்பு ஆலோசகரை அமர்த்தும் செலவில் 70 சதவீதம் வரை ஏற்கிறது. ஆஸ்திரேலியா, தாக்கப்பட்ட சிறு கடைக்காரருடன் ஆள் வைத்துப் பேசி இலவசமாக மீட்டெடுக்க உதவுகிறது.

கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவுக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் என் வேண்டுகோள்: அடுத்த பட்ஜெட்டுக்கு நீங்கள் அனுப்பும் கோரிக்கை மனுவில், மின் கட்டணத்துக்கு அடுத்த வரியிலேயே இதை எழுதுங்கள்.