ஜப்பானிய வகுப்பில் வேற்றுமை உருபு

தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்னும் பேச்சு நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கைதட்டலும் கிடைக்கிறது. மூன்று பருவங்களாக மிண்டன் வளாகத்தில் ஜப்பானிய மொழியைப் பயின்று வருபவன் என்ற முறையில், அந்தக் கைதட்டலைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் உண்மை நிலவரம். ஜப்பானிய மொழிக்கு எழுத்துமுறை மூன்று. ஹிராகானாவிலும் கத்தகானாவிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம். மூன்றாவது சீனத்திலிருந்து வந்த காஞ்ஜி (நாம் குடிக்கும் கஞ்சி அன்று). 2010-இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 காஞ்ஜி எழுத்துகள் உள்ளன. சீனப்பள்ளியில் படித்த நண்பர்கள் அவற்றைப் பார்த்தவுடன் பொருள் சொல்லிவிடுகிறார்கள். ஆறு மாத உழைப்பில் எனக்குக் கைவந்தவை இருநூற்றுச் சொச்சம். இங்கே தமிழ் எனக்கு உதவவில்லை.

இலக்கணம் தொடங்கியதும் வகுப்பின் நிலை மாறியது. “வத்தாஷி வா ஹோன் ஒ யொமிமாஸ்.” நான் புத்தகத்தை வாசிக்கிறேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் வினை நடுவில் நிற்கும், இங்கே கடைசியில். ஹோன் என்பது புத்தகம், அதன் பின்னால் வரும் ‘ஒ’ நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. ‘நி’ வந்தால் பெரும்பாலும் ‘கு’. ‘கரா’ வந்தால் ‘இருந்து’. வாக்கியத்தின் இறுதியில் ‘கா’ சேர்த்தால் நம் ‘ஆ’ போல் வினா. “குரு தோ ஒமொய்மாஸ்” என்றால் “வருவார் என்று நினைக்கிறேன்”. அந்த ‘தோ’தான் ‘என்று’. விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கியதை நான் ஏட்டின் ஓரத்தில் ஓர் உருபாக எழுதிக்கொண்டேன்.

சுட்டுச் சொற்கள் இன்னும் சுவையானவை. கொரே, சொரே, அரே, தொரே. பேசுபவர் அருகில் இருப்பது, கேட்பவர் அருகில் இருப்பது, இருவருக்கும் தொலைவில் இருப்பது, பிறகு வினா. இது, உது, அது, எது! ‘உ’ வழக்கொழிந்த சுட்டு என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தோமே (யாழ்ப்பாணத்தார் இன்றும் பேச்சில் வழங்குகிறார்கள்), அதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு எனக்கு ஜப்பானிய வகுப்பில் கிடைத்தது.

எச்சங்களும் அப்படியே. “கினோ கத்தா ஹோன்” என்பது “நேற்று வாங்கிய புத்தகம்”, பெயரெச்சம். “தபெத்தெ மிரு” என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் “சாப்பிட்டுப் பார்”. ‘பார்’ என்ற வினை முயன்று பார்ப்பதைக் குறிக்கும் இந்த நுட்பத்தை ஆங்கிலத்தில் விளக்கப் பட்ட பாடு கொஞ்சமன்று. தமிழனுக்கோ விளக்கமே தேவையில்லை. “யொந்தெ இரு” என்றால் வாசித்துக்கொண்டிருத்தல். அங்கே ‘இரு’ ஒலியிலும் ஒத்துப் போகிறது.

இந்த இடத்தில்தான் மேடைப் பேச்சாளருக்கு ஆசை பிறக்கிறது. பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். தமிழறிஞர் பொற்கோவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ் இணையரும் அவரோடு ஆய்வில் இணைந்தனர். அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மொழியியலாளரில் மிகப் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. சொல்லொப்புமைகளில் பல வலிந்து காட்டப்பட்டவை என்றனர். வினை இறுதியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும் உண்டு.

எழுத்து வரிசையையே பாருங்கள். ஜப்பானிய உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’ ஒலியாக இருந்தது என்கிறார்கள். அப்படியே நம் நெடுங்கணக்கு! காரணம் இரத்த உறவன்று; பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்தியலைக் கற்று, அந்த முறையில் தங்கள் ஒலிகளை அடுக்கினார்கள். இந்த வரலாறு “தமிழே தாய்” என்ற முழக்கத்தைவிட எனக்குச் சுவையாக இருக்கிறது.

என் கருத்து இதுதான்: உறவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் தமிழ் இலக்கணம் நம் கையிலுள்ள கருவி. அந்தக் கருவியைத்தான் நம்மில் பலர் பன்னிரண்டு வயதில் கீழே வைத்துவிடுகிறோம். வேற்றுமையைத் தமிழ்ப்பள்ளி தந்தது; எச்சங்களை நான் ஆழ்ந்து படித்ததோ தேசிய இடைநிலைப்பள்ளியில், பள்ளி நேரம் முடிந்த பின் நடந்த தமிழ் வகுப்பில். தொடக்கத்தில் பதினான்கு பேர் இருந்தோம். எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழை எடுத்தவர் நால்வர். “தமிழ் படித்து என்ன பயன்?” என்று விலகியவர்களில் ஒருவர் இன்று என் ஜப்பானிய வகுப்பில் இருக்கிறார். வீட்டில் தமிழ் பேசுபவர்தான். ஆனாலும் ‘ஒ’, ‘நி’ இரண்டையும் ஆங்கில விளக்கத்தின் வழியாகவே நெட்டுருப் போடுகிறார்.

பினாங்கில் ஜப்பானிய மொழிக்குத் தேவை புதிதன்று. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோதே ஹித்தாச்சியும் கிளாரியனும் வந்தன. 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கையும் வந்தது. என் பாட்டிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவருக்கு அது “ஜப்பான்காரன் பாஷை”. அவருடைய சித்தப்பா தோட்டத்திலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. பாட்டியோடு நான் வாதிடுவதில்லை. காஞ்ஜி எழுதும்போது மட்டும் அருகில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்.

கடந்த ஜூலையில் என்5 தேர்வில் தேறினேன், டிசம்பரில் என்4. இதுவரை எழுதிய தமிழ்க் குறிப்புகள் ஒரு தடித்த ஏட்டை நிரப்பிவிட்டன. வினைகளின் பகுதி இன்னும் அரைகுறை. ஜப்பானிய வினைக்குத் திணை, பால், எண், இட விகுதியே கிடையாது என்பதை நம் வாய்பாட்டில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. இலக்கணம் மறக்காத இளையோர் இருவர் சேர்ந்தால் அடுத்த பருவத்துக்குள் முடித்துவிடலாம். ஏடு கழக அறையின் அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது.