கண்ணுக்கும் திரைக்கும் நடுவே

55 இன்ச் டிவியைவிட 27 இன்ச் மானிட்டர் பெரியது. கணினியில் கார்ப் பந்தயம் (சிம் ரேசிங்) ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் ஸ்டீயரிங் வாங்கிவிட்டான், திரைதான் பாக்கி. "ஹால் டிவியே போதாதா மாமா?" என்பது அவன் கேள்வி. கார்ப் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனின் ஊர்க்காரனுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

கணக்கு எளிது. அந்த டிவியின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண்ணில் அது அடைக்கும் கோணம் 34 டிகிரிதான். 60 செ.மீ. அகலமுள்ள 27 இன்ச் மானிட்டரை முகத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வையுங்கள், 53 டிகிரி கிடைக்கும்.

விளையாட்டின் செட்டிங்கில் இருக்கும் கிடைமட்டப் பார்வைக் கோணமும் இதே எண்ணாக இருக்க வேண்டும். பலர் அதைக் கூட்டிவைக்கிறார்கள். பக்கங்களில் நிறையத் தெரியும், வேகமும் பறக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எதிரே வரும் வளைவு சிறுத்துத் தள்ளிப்போய்விடும்; பிரேக் எங்கே பிடிப்பது என்பது குத்துமதிப்புதான். சரியான கோணத்தில் வைத்தால் முதலில் சப்பென்று இருக்கும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. பொறுத்துக்கொண்டு ஓட்டினால் வளைவுகள் அதனதன் இடத்தில் வந்து நிற்கும்.

குழாயை அகலமாக்கத்தான் செலவு. 34 இன்ச் அல்ட்ராவைடு அதே தூரத்தில் 67 டிகிரி தரும். இரண்டு 27 இன்ச்சை ஒட்டவைத்த அகலம் கொண்ட 49 இன்ச் 90 டிகிரியைத் தொடும். மூன்று 32 இன்ச்சைக் கோணமாக மடித்து வைத்தால் 180. பக்கத்தில் ஒட்டி வரும் கார் தலையைத் திருப்பினால் தெரியும். அதற்கு ஈடு இல்லை. ஆனால் மூன்றும் கியூஎச்டி துல்லியம் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 4கே திரைக்கே 83 லட்சம்தான். அறையில் ஒன்றரை மீட்டர் அகலமும் போய்விடும், பீரோவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

திரை நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ்; அதில் கஞ்சத்தனம் கூடாது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கார் 1.4 மீட்டர் ஓடிவிடுகிறது. 144இல் 58 செ.மீ. அதற்கு மேலே போவது, என்னைக் கேட்டால், ஆடம்பரம். இரவும் பகலும் பந்தயம் நடக்கும் லெமான் பாதையில் இரவு ஓட்டப் பிரியமுள்ளவர்கள் மலிவான விஏ வகைத் திரையைத் தவிர்க்கலாம். இருட்டில் நகர்வதெல்லாம் இழுபட்டுத் தெரியும்.

இன்னொன்று, மேசையில் பூட்டிய ஸ்டீயரிங் உதறும்போது அதே மேசையில் உள்ள மானிட்டரும் ஆடும். தனி ஸ்டாண்டில், ஸ்டீயரிங்குக்கு ஒட்டிப் பின்னால் நிறுத்துவது நல்லது. அடிப்பகுதி கொஞ்சம் மறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அக்கா மகனுக்கு 32 இன்ச், கியூஎச்டி, 144 ஹெர்ட்ஸ் ஒன்றே போதும் என்றேன். மிச்சப் பணத்தை, கால் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் பெடலில் போடச் சொன்னேன். சரி என்றான். பெடல் விலையை மட்டும் அக்காவிடம் சொல்லக் கூடாதாம்.