குட்டி யானைக்குத் தீனி போட முடியுமா?

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நாட்களில், பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி ஒன்று வாங்கிவிடலாமா என்பதே அது. அடுத்த கேள்வி, புதிதா பழையதா என்பது. டாட்டா நிறுவனம் 2005இல் ஏஸ் வண்டியைக் கொண்டுவந்தபின் இந்த ஆசை சிறு விவசாயிக்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மக்கள் அதற்குக் குட்டி யானை என்று வைத்த பெயர் மிகப் பொருத்தம். யானையை வாங்குவதைவிட அதைக் கட்டித் தீனி போடுவதே பெரும்பாடு.

புதிதா பழையதா என்று கேட்பதற்கு முன்னால், ஆண்டில் எத்தனை நாள் வண்டிக்கு வேலை இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். இரண்டு மூன்று ஏக்கரில் நெல்லும் கரும்பும் மட்டுமே பயிரிடுபவருக்கு உண்மையில் வேலை மிகக் குறைவு. நெல்லைப் பெரும்பாலும் வியாபாரியே களத்துக்கு வந்து லாரியில் ஏற்றிக்கொள்கிறார். கரும்பு டிராக்டரிலும் லாரியிலும் ஆலைக்குப் போகிறது. மிஞ்சுவது உர மூட்டை, விதை, தீவனம், எப்போதாவது தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரு நடை. எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு அறுபது நாள் தேறினால் அதிகம். கத்தரி, வெண்டை, கீரை, வாழை இலை என்று விடிவதற்குள் புதுவைப் பெரிய மார்க்கெட்டில் இறக்க வேண்டியவர் கணக்கு முற்றிலும் வேறு. அவருக்கு இருநூற்றைம்பது நாளும் வண்டி ஓடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். புது வண்டி சாலைக்கு வரும்போது 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,20,000 ரூபாய் கையிலிருந்து கட்டி, மீதி 4,80,000 ரூபாயை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய். ஐந்தாண்டில் முன்பணமும் தவணையும் சேர்ந்து 7,46,000 ரூபாய் போயிருக்கும். பிறகு வண்டியை இரண்டரை லட்சத்துக்கு விற்றாலும் ஆண்டுக்கு 99,000 ரூபாய் செலவு நிற்கிறது. இன்சூரன்சும் வரியும் 30,000, பராமரிப்பு 15,000, முன்பணம் வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி 8,000 என்று கூட்டினால் ஆண்டுச் செலவு 1,52,000 ரூபாய். டீசல் இதில் சேரவில்லை.

பழைய வண்டியை 2,50,000 ரூபாய் ரொக்கத்துக்கு வாங்கி, ஐந்தாண்டு கழித்து 75,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால் தேய்மானம் ஆண்டுக்கு 35,000. பழுதுபார்க்க 30,000, இன்சூரன்ஸ், எஃப்.சி. வகைக்கு 25,000, இழந்த வட்டி 17,000 என்று ஆண்டுச் செலவு 1,07,000 ரூபாய் ஆகிறது. பழையது என்பதால் இன்சூரன்சில் பெரிதாக மிச்சப்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. ஏழரை டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சின் அடிப்படைக் கட்டணம் 2022இல் 16,049 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வண்டிக்கு வயதானதால் இது குறைவதில்லை.

இனி நாட்களால் வகுத்துப் பார்க்கலாம். அறுபது நாள் மட்டுமே ஓடினால் புது வண்டிக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் விழுகிறது; பழைய வண்டிக்குச் சுமார் 1,800. டீசலும் டிரைவர் கூலியும் சேர்த்து வாடகை வண்டி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குமானால், டீசலுக்கு 250 ரூபாயைக் கழித்தபின் ஒப்பிட வேண்டிய தொகை 750தான். ஆக, அறுபது நாள்காரருக்குப் புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். நூற்றைம்பது நாள் ஓடினால் பழைய வண்டி 713 ரூபாய்க்கு வந்து வாடகையைத் தொட்டுவிடுகிறது. புதியதோ இன்னும் ஆயிரத்துக்கு மேலேயே நிற்கிறது. இருநூற்றைம்பது நாள் ஓடும்போது இரண்டிலும் பராமரிப்பு கூடும். பழையதற்குப் பழுதுச் செலவு இரட்டிப்பாகி 60,000 ஆகும் என்றும், புதியதற்கு 25,000 ஆகும் என்றும் கொண்டால், நாளொன்றுக்கு 548க்கும் 648க்கும் உள்ள வித்தியாசம் வெறும் நூறு ரூபாய். ஆண்டுக்கு 25,000. வண்டி நடுவழியில் நின்று கீரையும் இலையும் வாடிய சில நாட்களிலேயே அந்தத் தொகை கரைந்துவிடும். எனவே தினந்தோறும் மார்க்கெட்டுக்கு ஓடுபவர் புது வண்டி வாங்குவதில் தவறில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டதும் அவருக்குச் சாதகமே. தொகைகளை அவரவர் ஊர் விலைக்கும் வாடகைக்கும் தக்கபடி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் அஞ்ச வேண்டியது விலையைவிடத் தவணையைத்தான். தவணை மாதந்தோறும் வருகிறது. வெள்ளாமைப் பணம் அப்படி வருவதில்லை. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் இடையே கை வறண்டிருக்கும் மாதங்களிலும் 10,400 ரூபாய் கட்டியாக வேண்டும். இரண்டு மூன்று தவணை தவறினால் நகை அடகுக்குப் போகிறது. அதற்கும் வழியில்லையென்றால் வண்டியே போய்விடுகிறது. பைனான்ஸ்காரர்கள் கைப்பற்றி ஏலத்தில் விடும் வண்டிகளில் எத்தனையோ இவ்வாறு ஒரு குடும்பத்தின் முன்பணத்தை விழுங்கி வந்தவை. பழைய வண்டியைக் கடனில் வாங்குவது இதனினும் மோசம். அதற்கு வட்டி அதிகம், கெடுவு குறைவு, போதாததற்குப் பழுதுச் செலவும் தவணையோடு போட்டிபோடும். பழையது வாங்குவதானால் ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். முடியாதென்றால் இன்னும் ஓராண்டு வாடகை வண்டியிலேயே ஓட்டுவது நல்லது.

மதகடிப்பட்டுச் சந்தையில் மாடு பிடிக்கும் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதே மனிதர் வண்டி வாங்கும்போது புது வர்ணத்தைக் கண்டு மயங்கிவிடுகிறார். வண்டிக்கும் பல் உண்டு. பின் அச்சில் உள்ள ஸ்பிரிங் பட்டைகளை எண்ண வேண்டும். கம்பெனி போட்டதற்கு மேல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்று பொருள். 750 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் 75 கிலோ நெல் மூட்டை பத்துதான் ஏற்றலாம். இருபது மூட்டை ஏற்றியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சேசிஸில் வெல்டிங் வைத்த இடம் உண்டா என்று அடியில் படுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மணப்பட்டு, கிருமாம்பாக்கம் போன்ற கடலோரப் பக்கங்களில் ஓடிய வண்டியில் உப்புக் காற்று அரித்த துருவை வர்ணம் மறைத்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் ஓசை சொல்லிவிடும். விடியற்காலையில், விற்பவர் முன்கூட்டியே கிளப்பி வைக்காத குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கூட அழைத்துப்போகும் மெக்கானிக் தரகர் காட்டிய ஆளாக இருக்கக் கூடாது.

இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை கொட்டியது. அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அவ்வாறு நீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் வண்டல் கறை தெரியும். விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்தால் பூஞ்சை வாடை வரும். டிஃபரன்ஷியல் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

எந்த ஆண்டு மாடல் என்பதும் யோசிக்கத்தக்கது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகள் புகையைக் குறைத்தன. அதற்கு விலையாகச் சென்சார்களும், பல டீசல் வண்டிகளில் புகை வடிகட்டியும் சேர்ந்தன. தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். முந்தைய வண்டிகளை ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் மிகப் பழையதிலும் சிக்கல் இருக்கிறது. எட்டாண்டுகளுக்குப் பின் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பதினைந்தாண்டு கடந்த வண்டிகளுக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே பலமடங்கு உயர்த்தப்பட்டது. ஐந்து முதல் ஏழு வயதுக்குள், ஒரே கை மாறிய, அக்கம்பக்கத்தில் பலர் வைத்திருக்கும் ரகமாகப் பார்த்து எடுப்பது உத்தமம். பலர் வைத்திருந்தால்தான் உதிரிபாகம் கிடைக்கும். ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமோ என்ற கவலை வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

காகித விஷயத்தில் புதுவை விவசாயி கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடலூரும் விழுப்புரமும் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் அங்குள்ள வண்டி வேறு மாநில வண்டி. டி.என். பதிவெண் வண்டியை வாங்கினால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. பெற்று, இங்கே வரி கட்டி, பி.ஒய். எண் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதத்தோடு 35ஆம் எண் படிவத்தில் பைனான்ஸ் கையெழுத்தும் வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். 29, 30ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது இரு தரப்புக்கும் கேடு. வாங்கியவருக்கு இன்சூரன்ஸ் தொகை பெறுவதில் இடைஞ்சல் வரும். விற்றவர் நிலைமை இன்னும் மோசமாகலாம். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுப்பவர்களும், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.