விழுந்த கிளப் எந்தப் படியில் ஏறணும்?

ரக்பியான்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஆட்ட விதி எதுவும் சொல்லப் போறதில்லை. நமக்கு நல்லாவே பழக்கமான ஒரு கேள்விதான்: நடுவுல டிஸ்கன்டினியூ ஆனவன் திரும்பி வந்தா எந்த செமஸ்டர்ல உக்காரணும்?

இங்கிலாந்து ரக்பியில் பிரீமியர்ஷிப் உச்சி. கீழே இரண்டாம் நிலையா சாம்பியன்ஷிப், அப்புறம் நேஷனல் லீக்குகள், அதுக்கும் கீழே வட்டார லீக்குகள்னு படிப்படியா இறங்கும். நாம பாக்குற இங்கிலீஷ் ஃபுட்பால் மாதிரி, பெரும்பாலான நிலைகளில் ஜெயிச்சா மேலே, தோத்தா கீழே. 2025-26 சீசனில் இரண்டாம் நிலையில் 14 அணிகள். அதில் மூணை மட்டும் பாருங்க: ரிச்மண்ட், லண்டன் ஸ்காட்டிஷ், வொர்செஸ்டர் வாரியர்ஸ். மூணுமே ஒரு காலத்தில் உச்சியில் ஆடி, காசில்லாம சாய்ந்த கிளப்புகள். ஆனா இங்கே வந்து சேர்ந்த வழி ஒண்ணில்லை.

ரிச்மண்ட் 1861ல் ஆரம்பிச்ச கிளப். 1995ல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமா மாறினதும் ஒரு பணக்காரர் வந்தார், பெரிய பெரிய வீரர்களை வாங்கினார். 1999ல் அவர் கையை எடுத்ததும் கிளப் திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போனது. அதே வருஷம் லண்டன் ஸ்காட்டிஷுக்கும் அதே கதி. இரண்டின் தொழில்முறைப் பிரிவையும் லண்டன் ஐரிஷ் கிளப்புக்குள்ள கரைச்சுட்டாங்க. மிச்சமிருந்த உறுப்பினர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? பழைய பேரிலேயே அடிமட்ட லீக்கில் போய் நின்னாங்க. ஸ்காட்டிஷ் இரண்டாம் நிலைக்கு ஏற 2011 ஆச்சு, ரிச்மண்டுக்கு 2016. ஒரு டஜன் வருஷமும் அதுக்கு மேலேயும்! ரிச்மண்ட் நடுவுல இறங்கி, 2025ல் நேஷனல் 1 பட்டத்தோட மறுபடி ஏறியிருக்கு.

வொர்செஸ்டர் கதை வேற. 2022 மே மாசம் பிரீமியர்ஷிப் கப்பை ஜெயிச்ச அணி. ஆகஸ்ட்டில் ஊழியர்கள் பலருக்குச் சம்பளம் முழுசா வரலை, வரி பாக்கிக்காக அரசு வழக்குப் போட்டுச்சு, செப்டம்பர் 26ல் கிளப் நிர்வாகிகள் கைக்குப் போனது. (அந்த ஃபைனலில் எதிரே ஆடினது லண்டன் ஐரிஷ். 1999ல் அடுத்தவங்களை விழுங்கின அதே கிளப். 2023 ஜூனில் அதுவும் காலி.) கிட்டத்தட்ட மூணு சீசன் ஆட்டமே இல்லை. அப்புறம் புது உரிமையாளர்கள் வந்தாங்க, 2025-26ல் நேரா இரண்டாம் நிலையில் இடம். நம்ம பாஷையில் சொன்னா, லேட்டரல் என்ட்ரி.

இது நியாயமா? முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. 12 வருஷம் சேத்துல புரண்டு ஏறினவன் பக்கத்துல, மூணு வருஷம் சும்மா இருந்தவன் வந்து உக்காரலாமா?

ஆனா மறுபக்கமும் இருக்கு. வொர்செஸ்டருக்கு சிக்ஸ்வேஸ்னு சொந்த மைதானம், சுமார் 12,000 பேர் உக்காரலாம். அது அதே ஊர்ல அப்படியே இருக்கு, அங்கே வந்துட்டிருந்த கூட்டமும் அங்கேயேதான் இருக்கு. அவ்வளவு பெரிய இடத்தில் ஒன்பதாம் நிலை ஆட்டம் நடத்தினா கரன்ட் பில்லுக்கே கட்டாது. அதோட யாரையும் இறக்கிவிட்டு இவங்களை ஏத்தலை. 12 அணி லீக்கை 14 ஆக்கினாங்க. ஆனாலும் அந்தக் கூடுதல் இடத்தை நேஷனல் 1ல் வருஷம் முழுக்க மல்லுக்கட்டின இன்னொரு அணிக்குக் கொடுத்திருக்கலாமேன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை.

இப்போ வாஸ்ப்ஸை எடுத்துக்கோங்க. 1867ல் பிறந்த கிளப், ஆறு தடவை இங்கிலாந்து சாம்பியன், 2004லும் 2007லும் ஐரோப்பிய சாம்பியன். 2014ல் லண்டன் பக்கத்திலிருந்து கிளம்பி கோவென்ட்ரிக்குப் போய் ஒரு ஸ்டேடியத்தை வாங்கினாங்க. அடுத்த வருஷம் பொதுமக்கள்கிட்ட பத்திரம் வித்து 3.5 கோடி பவுண்ட் திரட்டினாங்க. 2022 மே மாசம் திருப்பித் தர வேண்டிய பணம், தர முடியலை. அக்டோபர் 17ல் 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போச்சு. இவங்களுக்கும் இரண்டாம் நிலையில் இடம் தர்றதாதான் முதல்ல பேச்சு. ஆனா ரக்பி சம்பந்தப்பட்ட பாக்கிகளைத் தீர்க்கிற விஷயத்தில் புது உரிமையாளர்கள் சொன்னபடி செய்யலைன்னு, 2023 மே மாசம் ஆங்கில ரக்பி யூனியன் அனுமதியை ரத்து பண்ணுச்சு. மறுபடி வந்தா அடிமட்டத்திலிருந்துதான்னு சொல்லிட்டாங்க.

கொடுமைன்னு ரசிகர்கள் கத்தினாங்க. நான் யூனியன் பக்கம். வாஸ்ப்ஸ்கிட்ட அப்போ என்ன மிச்சம்? ஸ்டேடியம் கைமாறிடுச்சு, வீரர்கள் வேற கிளப்புக்குப் போயிட்டாங்க, கோவென்ட்ரிக்குப் போனதுலேயே லண்டன் ரசிகர்கள் பாதிப்பேர் விட்டுப் போயிருந்தாங்க. பேரும் கோப்பைகளும்தான் பாக்கி. கோப்பையைக் காட்டி இரண்டாம் நிலையில் சீட்டு கேட்டா, சப்ளை செஞ்சு பணம் வராம உக்காந்திருக்கிறவன் என்ன நினைப்பான்? என் கணக்கில் யார் விழுந்தாலும் இடம் அடிமட்டம்தான். மேலே சேர்க்கணும்னா அதே ஊர், அதே மைதானம், அதே கூட்டம் இருக்கணும். அதுக்கும் முன்னாடி ஊழியர் சம்பளமும் சின்ன வியாபாரிகள் பாக்கியும் தீர்ந்திருக்கணும். வொர்செஸ்டரை இதில் முழு மனசோட பாஸ் போட மாட்டேன், கிரேஸ் மார்க் வேணா தரலாம்.

அடிமட்டம்னா அவமானம்னு நினைக்கிறவங்க லண்டன் வெல்ஷைப் பாக்கலாம். 2014-15ல் பிரீமியர்ஷிப்பில் 22 மேட்ச், 22லும் தோல்வி. 2017 ஜனவரியில் சாம்பியன்ஷிப்பிலிருந்தே வெளியேத்தப்பட்டாங்க. அடுத்த சீசன் ஒன்பதாம் நிலையில், காசு வாங்காத பசங்களோட ஆடி, ஒரு மேட்ச் கூட விடாம ஜெயிச்சு மேலே வந்தாங்க.

வாஸ்ப்ஸ் விஷயத்தில் ரசிகர்கள் பலர் மறக்கிறது ஒண்ணு இருக்கு. 1999லேயே அந்தக் கிளப் இரண்டாப் பிரிஞ்சது: காசுக்கு ஆடுறவங்க தனி, ஆசைக்கு ஆடுறவங்க தனி. சாய்ந்தது முதல் பிரிவு மட்டும்தான். இரண்டாவது பிரிவு மேற்கு லண்டன் ஆக்டனில், ட்வைஃபர்ட் அவென்யூ மைதானத்தில், அதே பேரில் கீழ் லீக்கில் ஆடிக்கிட்டேதான் இருந்தது.