மஞ்சக் கடுதாசியில் அழியாத கடன்

14 பேர். குமாஸ்தா நீளத் தாளில் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தார். முதல் எதிர்மனுதாரர் வங்கி. இரண்டாவது மெஷினுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ். அப்புறம் தண்டல்காரர், சீட்டுக்காரர், நூல் கடை, கைமாற்றாகக் கொடுத்த பெரியப்பா மகன். பதினோராவதாக, என்னிடம் ஒன்பது வருஷம் ஓவர்லாக் ஓட்டிய அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டி வந்தபோது குரல் எழும்பவில்லை. அவருக்கு நான் தர வேண்டிய கூலி 18,000 ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் சொன்னாள்.

2024 ஜூன் மாதம், திருப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஐ.பி. என்கிற நொடிப்பு மனுவைப் போடலாமா என்று கேட்கப் போயிருந்தேன். ஊர் மொழியில் மஞ்சக் கடுதாசி. 10 மெஷின் வைத்து பனியன் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவன் நான். 2021, 22-இல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் எனக்கு வேலை கொடுத்துவந்த கம்பெனி தடுமாறியது. 9 லட்சம் பாக்கியோடு ஷட்டரை இறக்கியது. ஒரு வருஷம் கடன் வாங்கிக் கடன் அடைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது 31 லட்சம் நின்றது.

போதாததற்கு அந்த ஏப்ரலில் ஜி.எஸ்.டி. உத்தரவும் வந்திருந்தது. 2018-19-இல் வாங்கிய மெஷின்களுக்கு நான் வரியோடுதான் பணம் கொடுத்தேன். விற்றவர் அதை அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. ஆகவே நான் எடுத்த உள்ளீட்டு வரி செல்லாது என்றார்கள். வரி 1,20,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, மேலே அபராதம். எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சம்.

வக்கீல் என்னைவிட இருபது வயது இளையவர். ஒளிக்காமல் பேசினார். "அண்ணா, மொதல்ல இந்தச் சட்டம் எந்த வருஷத்துதுன்னு தெரிஞ்சுக்கங்க" என்றார். 1920. மாகாண நொடிப்புச் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே கடனாளி மனுப் போடலாம். அன்றைக்கு 500 ரூபாய் பெரிய காசு. நொடித்தவனின் சொத்தை விற்றுப் பங்கிடும்போது வேலையாளின் கூலிக்கு முன்னுரிமை உண்டு, அதிகபட்சம் எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 20 ரூபாய். ஓவர்லாக் அம்மாவின் 18,000-இல் 20 ரூபாய்க்குத்தான் அந்தச் சலுகை. மிச்சத்துக்கு அவரும் தண்டல்காரரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

சொத்துப் பட்டியல் எழுதும்போது என் மனைவி கழுத்தில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, அதை யாரும் தொட முடியாது" என்றார் வக்கீல். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, சமையல் பாத்திரம், படுக்கை, துணிமணி, தொழிலாளியின் கருவி இவையெல்லாம் ஜப்திக்கு வராது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. 'உள்ளே தள்ளிவிடுவோம்' என்று ஃபைனான்ஸ் ஆட்கள் வாசலில் நின்று கத்திய விஷயத்தையும் கேட்டேன். கொடுக்க வழியில்லை என்பதற்காக மட்டும் சிவில் கடனில் ஒருவனைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். செக் கேஸ் மட்டும் தனி, அதை ஐ.பி. காப்பாற்றாது. இரண்டு வருஷமாக ராத்திரி தூக்கம் போனவனுக்கு இவ்வளவு தெரிந்ததே பாதி மருந்து.

பெருமாநல்லூர் பக்கம் எனக்கு 3 சென்ட் மனை இருந்தது. "அதைச் சம்சாரம் பேருக்கு மாத்திட்டு ஐ.பி. போடு மாப்ள" என்று என் மாமா சொல்லியிருந்தார். ஊரில் எல்லோரும் தரும யோசனை இது. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் இப்படி மாற்றிக் கொடுத்ததைக் கோர்ட் செல்லாததாக்கிவிடலாம். அதோடு நேர்மையான கடனாளி என்ற பெயரும் போய்விடும். மஞ்சக் கடுதாசி என்றாலே ஏமாற்றுக்காரன் என்ற பேச்சு நம் ஊரில் வளர்ந்ததற்கு இந்த மாமாக்களும் ஒரு காரணம்.

கடைசியில் நான் மனுப் போடவில்லை. மானத்துக்கு அஞ்சி அல்ல. இரண்டு கடன்கள் தடுத்துவிட்டன. ஒன்று, ஃபைனான்ஸில் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் மச்சான். கோர்ட் என்னைக் கடனிலிருந்து விடுவித்தாலும் ஜாமீன்தாரரை விடுவிக்காது. நான் நிம்மதியாகப் படுக்க, அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். இன்னொன்று வரி. 1920 சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்வது இது: விடுவிப்பு உத்தரவு வாங்கிய பிறகும் அரசுக்குத் தர வேண்டிய கடன் தீராது. மற்ற 13 பேரும் கையை விரித்துக்கொண்டு போன பிறகும் சர்க்கார் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பெரிய கம்பெனி நொடித்தால் 2016-இல் வந்த திவால் சட்டம் இருக்கிறது. தீர்வுத் திட்டம் ஒப்புதலாகிவிட்டால், அதில் சேராத வரிப் பாக்கி உட்பட பழைய பாக்கிகள் எல்லாம் அற்றுப்போகும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனிக்கு அழியும் வரி, 10 மெஷின்காரனுக்கு ஏன் அழியாது?

அதே 2016 சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்காகவே எழுதப்பட்டது. திவால் உத்தரவு வந்து ஒரு வருஷத்தில் விடுவிப்பு. அழியாத கடன் என்று அது பெயர் சொல்லி ஒதுக்கியவை நீதிமன்ற அபராதம், நஷ்டஈடு, ஜீவனாம்சம், கல்விக் கடன் போன்றவை. அந்த வரிசையில் வரி கிடையாது. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அந்தப் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் நடப்புக்கு வந்தது. முதலாளியைத் துரத்திப் பிடிக்க வங்கிக்கு அது தேவைப்பட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இன்றுவரை வரவில்லை.

வந்தாலும் அதில் ஏழைகளுக்கென்று வைத்திருக்கும் 'புதுத் தொடக்கம்' யாருக்கு என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு கூடாது. மாதம் 5,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவனுக்கு இந்தக் காலத்தில் 35,000 கடன் கொடுப்பவன் தண்டல்காரன்தான். அவன் கோர்ட்டுக்கு வர மாட்டான்.

நான் மனையை விற்றேன். வந்த 14 லட்சத்தில் முதலில் ஓவர்லாக் அம்மாவின் கூலி. அடுத்து மச்சான் ஜாமீன் போட்ட ஃபைனான்ஸ். வங்கியோடு ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் ஓ.டி.எஸ். பேசினேன். அதற்குள் ஒரு நல்ல காலம். 2017-18 முதல் 2019-20 வரையிலான இதுபோன்ற ஜி.எஸ்.டி. உத்தரவுகளில் வரியை மட்டும் 2025 மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று சட்டம் திருத்தினார்கள். 1,20,000 கட்டினேன். அவ்வளவு நாளும் கத்துகிற தண்டல்காரனுக்கு முதலில் கொடுத்து, சத்தமே போடாத வரியைக் கடைசியில் வைத்திருந்தேன். அதுதான் என் பெரிய தப்பு. இன்றைக்கு அந்தச் சலுகையும் முடிந்துவிட்டது.

இன்னும் 6 லட்சம் பாக்கி. ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன், மாதம் 24,000.

டில்லியில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மூன்றாம் பகுதியை முழுதாக நடப்புக்குக் கொண்டுவாருங்கள், அந்த 60,000-ஐயும் 35,000-ஐயும் இன்றைய விலைவாசிக்குத் திருத்துங்கள். கடனில் இருக்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே எல்லாக் காகிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வக்கீலிடம் போங்கள். மனையை யார் பெயருக்கும் மாற்றாமல் போங்கள்.